காணாததை எழுதாதவர்

லகாட் ரயில் நிலையத்திலிருந்து ஆய்வுக்கூடம் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டதுதான் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு. நான் வேலை கேட்டுப் போய் நின்றிருந்தேன்.

"ஒரு மைல் இருக்கும் ஐயா" என்றேன்.

"அளந்தனீரோ?"

"இல்லைங்க."

"பின்னை ஏன் மைல் எண்டு சொல்லுறீர்? நடந்து வந்தனான் எண்டு சொல்லும். அதுதான் உமக்குத் தெரிஞ்ச விஷயம்."

சிரிக்காமல் சொன்னார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டி மணி என்ன என்றார். இரண்டு அடித்துப் பதினேழு நிமிஷம் என்றேன். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் இரண்டேகால் என்று சொல்லித் திரும்பிப் போனவர்கள் என்பது பின்னால் தெரிந்தது. அன்றே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

இது மலாயாவில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது என்றாலும், பெண்கள் இருவர் ஈப்போவில் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர் நல்ல அப்பா. கூலிக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'முள் ஐயா' என்பார்கள். நாள் முழுக்க ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஆடும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஒல்லியான ஆள். வெள்ளைக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. முள்ளருகே நிற்கும்போது தன் மூச்சுக்காற்றுகூடப் பெட்டியில் பட வேண்டாமென்று வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார்.

அந்த வெள்ளீயச் சுரங்கக் கம்பெனிக்கு ஆய்வுக்கூடம் எதற்கென்றால், தோண்டிய மண்ணில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கு. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். பின்கட்டில் ஒரு தனி அறை. அதில் நடந்தது ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான எங்கள் வெள்ளைக்காரத் துரையின் சொந்தப் பித்து. ஈயத்தை அலசி எடுத்தபின் கழிவாக நிற்கும் கறுப்பு மணலை அமாங் என்பார்கள். அந்த அமாங்கில் மஞ்சளாக ஒரு பொடி கலந்திருக்கும். அது சீமைக்குப் போகும். அங்கே கேஸ் விளக்கில் மாட்டும் வலைக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் சீரியம் என்று ஓர் அபூர்வ உலோகம் செய்தார்கள். எங்கள் மண்ணிலிருந்து போனது, மண்ணெண்ணெய்ப் புட்டிக்குள் மூழ்கிய சின்னச் சின்னக் கட்டிகளாக எங்களிடமே திரும்பி வரும். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அரத்தால் உரசினால் பொறி பறக்கும்.

உருக்கிய வெள்ளீயத்தில் அதைப் போட்டால், இரண்டும் கலக்கும்போது உலை கொடுக்காத ஒரு சூடு உள்ளேயிருந்தே கிளம்பும். எத்தனை பங்கு சேர்த்தால் எவ்வளவு சூடு கிளம்புகிறது, பிறகு எந்தச் சூட்டில் கலவை இறுகுகிறது என்பதைத்தான் இரண்டு வருஷம் அளந்தோம். ஈயத்துக்குப் புது உபயோகம் கிடைத்தால் கம்பெனிக்கு நல்லது என்று துரை மேலிடத்துக்கு எழுதியிருந்தார்.

'அளந்தோம்' என்று சொல்வது எங்களை நாங்களே கௌரவித்துக்கொள்வதற்காக. அளந்தவர் அவர் ஒருவர்தான். உலையைப் பார்த்துக்கொண்டவர் என் மச்சான், அக்காவின் கணவர். அவர்தான் எனக்கும் அங்கே வேலை இருக்கிறது என்று நான் இருந்த பீடோர் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னவர். ஈயம் உருகியதும் அது இருக்கும் மண் கிண்ணத்தை, மூசையை, இடுக்கியால் தூக்கி, சாம்பல் திணித்த மரப்பெட்டிக்குள் இறக்குவார். காற்றுப் படாமல் மேலே உப்பைப் பரப்புவார். சொன்ன நேரத்துக்குச் சீரியக் கட்டியை உள்ளே விடுவார். மூசைக்குள்ளிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கிளம்பிப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சூட்டைக் காட்டும் முள் பெட்டிக்குப் போகும். அங்கே முள் ஐயா நிற்பார். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் எண்ணைச் சொல்லுவார், நான் எழுதுவேன். கம்பிகளின் மறுமுனை உருகும் ஐசுக்குள் இருக்க வேண்டும். அந்த ஐசை ஈப்போவிலிருந்து மரத்தூள் சாக்கில் கட்டிக் காலை ரயிலில் கொண்டுவருவதும் என் வேலை.

முதல் தடவை சாக்கை இறக்கிவைத்துவிட்டு, "பாதி உருகிப் போச்சு ஐயா, மன்னிக்கணும்" என்றேன்.

"உருகிறதுதான் எங்களுக்கு வேணும். உருகிக்கொண்டு இருக்கிறமட்டும்தான் அது பூச்சியம். உருகாத ஐசை நம்பேலாது."

அவருக்கு ஒருமுறை வயிற்றுக் கோளாறு. நடுவில் கொஞ்ச நேரம் என்னை முள்ளைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போனார். வெளியே ஓடையில் மரத்தட்டு வைத்து ஈயம் அலசும் சீனப் பெண்களுக்குள் சண்டை மூண்டது. ஒருத்தி இன்னொருத்தியின் தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். திரும்பி வருவதற்குள் ஓர் அரை நிமிஷம் தாண்டிவிட்டது. அதற்கு முந்திய எண்ணும் பிந்திய எண்ணும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எழுதி நிரப்பினேன்.

அவர் வந்து, வரிசையாக விரல் வைத்து இறங்கினார். சரியாக அந்த எண்ணில் விரல் நின்றது.

"இதைக் கண்டனீரோ?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"மற்ற எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நொண்டுது. இது மட்டும் நேரா நடக்குது. உண்மையான எண் இப்பிடி நடவாது."

என்னைத் திட்டவில்லை. அந்த எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'காணவில்லை' என்று இங்கிலீஷில் எழுதினார். மாலையில் துரை நோட்டைப் புரட்டினார். அவருக்குக் கோபம். அந்த இடத்தில் என்ன வரும் என்று எவனுக்கும் தெரியுமே, எழுதி நிரப்பு என்றார்.

"என்ன வரும் எண்டு எனக்கும் தெரியும் சேர். ஆனா நான் அதைக் காணேல்லை" என்றார் அவர். இதை இங்கிலீஷில்தான் சொன்னார். எங்களுக்கு விளங்கட்டும் என்றோ என்னவோ, பிறகு தமிழில் ஒரு தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

துரையின் கழுத்து சிவந்தது. நோட்டை மேசையில் போட்டுவிட்டுப் போனார். ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால், அதுவும் சம்பளம் கொடுக்கிறவனுக்கு முன்னால், ஒரு தமிழர் அப்படிப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த நாள் முழுக்க அந்த அளவை முதலிலிருந்து திரும்பச் செய்தோம். மச்சான் உலைச்சூட்டில் வெந்துகொண்டே என்னைப் பார்த்து, "உன் ஒரு எண்ணு, எனக்கு ஒரு நாள்லா" என்றார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அன்றிரவு அக்காவிடம், "அந்த மனுஷன் துரைக்கே பயப்படலை புள்ள. இருந்தா அப்படி இருக்கணும்" என்று சொன்னதைக் கேட்டேன்.

அக்காவுக்கு அவர்மேல் வேறு காரணத்தால் பக்தி. அவள் பெண்ணுக்கு மூன்று வயசு. மலேரியாக் குலைக்காய்ச்சல் வந்து நான்கு நாள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் வேலையில் கவனமில்லாமல் இடுக்கியைத் தவறவிட்டபோது அவர் காரணம் கேட்டார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்து வாசலில் தன் வீட்டுக் காய்ச்சல்மானியோடு வந்து நின்றார். அப்படிப்பட்டவர்கள் எங்கள் லயத்துக்குள் வருவதில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை கால் மணிக்கு ஒரு தரம் பிள்ளையின் கக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு தாளில் எழுதினார். அக்கா கொடுத்த கோப்பியைத் தொடவில்லை. அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கோப்பியை அவர் ஏன் குடிக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்.

ஒரு தரம் அவள் தாங்க முடியாமல் கேட்டாள்: "ஐயா, புள்ள பொழைச்சுக்குமாங்க?"

"இப்ப நூற்றுமூண்டு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வேறு யாராக இருந்தாலும் ஒன்றும் ஆகாதம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கம்பெனி மருந்தகத்து டிரெசரிடம் காட்டியபோது, காய்ச்சல் ஏறி இறங்கிய விதத்தைப் பார்த்தே டிரெசர் கொய்னாவை எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அக்கா சாமி கும்பிடும்போது அவர் பெண்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாள்.

இதையெல்லாம் நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அவரை நாங்கள் நேசித்தோம் என்பது. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது பொய்.

உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேராக்கின் காற்று எப்போதும் ஈரம். உப்பை வாய் திறந்து வைத்தால் காலையில் கசிந்திருக்கும். கொதிக்கும் உலோகத்தின்மேல் ஈர உப்பைப் போட்டால் உள்ளே போகும் தண்ணீர் ஆவியாகி வெடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் மச்சான் இரும்புச் சட்டியில் உப்பை வெடிப்பு அடங்கும்வரை, முக்கால் மணி நேரம் வறுப்பார். வறுத்து முடிந்ததும் முள் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவர் பார்த்துவிட்டு நோட்டில் அதற்கென்று இருந்த கட்டத்தில் மணியை எழுதுவார். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கட்டம் காலியாக இருந்ததில்லை.

அன்று கம்பெனியின் பெரிய துரைகள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். காலையில் ஓர் அளவை முடிந்திருந்தது. அதைப் பார்க்க அவர்கள் நேரத்துக்கு வரவில்லை. இன்னொன்று செய்து காட்டலாம் என்று எங்கள் துரை சொன்னார். ஐஸ் தீரும் நிலையில் இருந்தது. கையிருப்பில் கிடந்த கடைசித் துண்டுகளை வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு வேண்டியதை வாங்கி வர என்னை ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அதனால் நடந்தபோது நான் அங்கே இல்லை. இனி நான் சொல்வது மச்சான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, கண்ணில் கட்டோடு, திரும்பத் திரும்ப எனக்குச் சொன்னது.

ஈயம் உருகி மூசை பெட்டிக்குள் இறங்கிவிட்டது. அடுத்த அறையில் பெரிய துரைகள் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். எங்கள் துரை உள்ளே வந்து, ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றார். மச்சான், "உப்பு இன்னும் வறுக்கல துரை, முக்கா மணி ஆகும்" என்றார். துரை மலாயில், "தாக் ஆப்பா, மாசோக் சாஜா" என்றார். பரவாயில்லை, போட்டுவிடு. மச்சான் ஒரு கணம் பலகைத் தடுப்பைப் பார்த்தாராம். அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது குரல் வரும் என்று. அங்கே முள் ஐயா நிற்கிறார் என்பது தெரியும். கோட்டு பலகையில் உரசும் சத்தம் கேட்டது. குரல் வரவில்லை. துரை விருந்தாளிகளைக் கூப்பிட வெளியே போனார். மச்சான் உப்பைப் பரப்பி, கட்டியை உள்ளே விட்டு, குனிந்து பார்த்தார். நாலாவது நிமிஷத்தில் மூசை வெடித்து முகத்துக்கு வந்தது.

நான் சாக்கோடு வந்து சேர்ந்தபோது மச்சானை வெளியே புல்லில் கிடத்தியிருந்தார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை. சாக்கை அவிழ்த்து ஐசை அப்படியே முகத்தில் வைத்தேன். ஈயம் கண் இமையோடு ஒட்டியிருந்தது. முள் ஐயா வாசலில் நின்றார். கைக்குட்டை இன்னும் கையில் இருந்தது. "ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லியாச்சு" என்றார். அது உண்மை. அவர்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை என்னை அறையைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். தரையிலும் சுவரிலும் தெறித்து ஒட்டிய ஈயத்தை உளியால் பெயர்த்தேன். மேசையில் நோட்டு திறந்தபடி கிடந்தது. உப்பு வறுத்த மணிக்கான கட்டம் காலி. கீழே அவர் கையெழுத்தில் எண்கள். நாலாம் நிமிஷத்தில் 'வெடிப்பு' என்று ஒரு சொல். அத்தோடு முடியவில்லை. நாலரை நிமிஷத்துக்கு ஓர் எண். ஐந்து நிமிஷத்துக்கு ஓர் எண். ஐந்தரைக்கும் ஓர் எண் இருந்தது. மூசையில் பாதி உலோகம் மிஞ்சியிருந்தது, கம்பி அறுந்திருக்கவில்லை, முள் ஆடிக்கொண்டிருந்தது. பலகைக்கு இந்தப் பக்கம் மச்சான் அலறிக்கொண்டு உருண்ட அந்த ஒன்றரை நிமிஷமும் அவர் முள்ளைப் பார்த்திருக்கிறார். எண்கள் தெளிவாக இருந்தன.

நான் உளியோடு நின்றுகொண்டிருக்கும்போதே துரை வந்தார், பின்னால் அவரும். துரை காலிக் கட்டத்தைக் காட்டி, உப்பு வறுத்ததாக எழுதிவிடு என்றார். விபத்து என்று போகட்டும், யார்மேலும் குற்றம் வராது என்றார்.

"நான் காணேல்லை சேர்."

துரை இரண்டாம் முறையும் கேட்டார். இவர் இரண்டாம் முறையும் அதையே சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் மச்சானிடமும் அக்காவிடமும் சொன்னேன். "அவர் பொய் எழுத மாட்டேன்னுட்டாருலா. விசாரணையில உள்ளதைச் சொல்லிருவாரு." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி விசாரணை நடந்தது. மானேஜர், ஒரு குமாஸ்தா, ஒரு மொழிபெயர்ப்பாளர். மச்சான் சொன்னதை ஆஸ்பத்திரியிலேயே எழுதி எடுத்திருந்தார்கள். எங்கள் துரை அப்படி எதுவும் தான் சொல்லவில்லை என்றார். பிறகு முள் ஐயாவைக் கூப்பிட்டார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"உப்பு வறுக்கப்பட்டதா?"

"இல்லை."

"துரை அந்த அறைக்குள் வந்ததைப் பார்த்தீரா?"

"இல்லை. நான் தடுப்புக்கு மற்றப் பக்கம் நிண்டனான். கண் முள்ளில இருந்தது."

"துரை உலைக்காரனிடம் பேசியதைப் பார்த்தீரா?"

"நான் காணேல்லை."

அவ்வளவுதான். போகலாம் என்றார்கள். வந்துவிட்டார்.

உப்பை வறுக்க வேண்டியது உலைக்காரன் வேலை, அவன் வறுக்கவில்லை, அதற்கு நோட்டே சாட்சி என்று எழுதினார்கள். துரை கேட்டபடி அவர் அந்தக் கட்டத்தில் ஒரு பொய் மணியை எழுதியிருந்தால் மச்சான் தப்பியிருப்பார். காதில் விழுந்த உண்மையைச் சொல்லியிருந்தாலும் தப்பியிருப்பார். இரண்டையும் அவர் செய்யவில்லை. சொந்தக் கவனக்குறைவால் கண்ணைக் கெடுத்துக்கொண்ட கூலிக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று ஒரு தாள் வந்தது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அன்று காலையிலேயே கள் குடித்திருந்தான் என்று யாரோ சேர்த்துவிட்டார்கள். மச்சான் வாழ்க்கையில் குடித்தவரில்லை. கண் போனதைவிட அந்தப் பேச்சுதான் அவரை அதிகம் அரித்தது. பெற்ற தாயே சிலிம் ரிவரிலிருந்து வந்து, "ஏன்டா குடிச்ச?" என்று கட்டிலருகில் உட்கார்ந்து கேட்டாள்.

நான் ஸ்டேஷன் சாலையில் முள் ஐயாவை வழிமறித்தேன்.

"துரை சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுதான ஐயா?"

குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"கேட்டனீரோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

"நான் கேக்குறேன் இப்ப."

"நீர் விசாரணை செய்யிற ஆள் இல்லையே" என்று சொல்லிவிட்டு நடந்தார். குரலில் கடுமை இல்லை. ஐசைப் பற்றி விளக்கம் சொன்ன அதே குரல்.

அவரைக் கோழை என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் துரை முகத்துக்கு நேராக இரண்டு தரம் முடியாது என்றவரைக் கோழை என்பது எப்படி? தன் எண்ணுக்காக யாரோடும் மோதுவார். ஒரு மனிதனுக்காக மோத வேண்டி வந்தபோது அதே பழக்கத்துக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டார். பதுங்குகிறோம் என்பதாவது அவருக்குத் தெரிந்ததா என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கிறது என்பதைப் பின்னால் அவரே வந்து காட்டினார்.

நான் அந்த வேலையை விட்டேன். எல்லோரும் சிலிம் ரிவர் பக்கம் மச்சானின் தாய் இருந்த தோட்டத்துக்குப் போனோம். அக்கா ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போனாள், நானும் போனேன். மச்சானுக்கு இரண்டு கண்ணும் இல்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து தென்னை ஈர்க்கைச் சீவி விளக்குமாறு கட்டுவார். விரலால் தடவிப் பார்த்துச் சீவுவார், ஒரு ஈர்க்குகூட உடையாது.

நாலு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் நான் ரப்பர் மர நிரையிலிருந்து திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தபோது, வாசலில் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு தெரிந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. துரை தன் ஊருக்குப் போய்விட்டார் என்றும் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள் என்றும் சொன்னார். மச்சானுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆரெண்டு தெரியுதோ?"

"தெரியுது ஐயா. உட்காருங்க."

உட்காரவில்லை. கொஞ்ச நேரம் ஈர்க்குக் குவியலைப் பார்த்தார்.

"அண்டைக்கு நான் கேட்டனான்" என்றார். "உப்பு வறுக்கேல்லை எண்டு நீர் சொன்னதும் கேட்டது, போடு எண்டு துரை சொன்னதும் கேட்டது. இதைச் சொல்லத்தான் வந்தனான்."

மச்சானின் கத்தி நிற்கவில்லை.

"அது எனக்குத் தெரியும் ஐயா. நானும் அங்கதான இருந்தேன். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

நான் சோற்றுக் கையோடு எழுந்தேன். அடுத்த மாதம் தோட்டத்துக்குக் கூலிக்காரர் குறை கேட்க ஒரு சர்க்கார் துரை வருவதாக இருந்தது. அக்கா மகளின் பள்ளிக்கூட நோட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க ஐயா. நாங்க காட்டிக்கிறோம். அவரு குடிக்கல, சொன்னதைத்தான் செஞ்சாருன்னு எழுதினா போதும்."

அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. மேல் பையிலிருந்து பேனாவை எடுத்தார். திண்டில் நோட்டை வைத்துக் குனிந்து தேதி போட்டார். தன் முழுப் பெயரை எழுதினார், பழைய உத்தியோகத்தை எழுதினார். அன்று தான் எந்த இடத்தில் நின்றார் என்று ஒரு வரி எழுதினார். பிறகு பேனா நின்றது.

"துரை என்ன சொல் சொன்னவர்?" என்று மச்சானைக் கேட்டார்.

"'தாக் ஆப்பா, மாசோக் சாஜா'ன்னாரு."

"'தாக் ஆப்பா' எண்டவரோ, 'பியார்' எண்டவரோ?"

"ரெண்டும் ஒண்ணுதான ஐயா" என்றேன் நான். "பரவால்லன்னா என்ன, விடுன்னா என்ன."

"ஒண்டில்லை. அவர் சொன்னது ஒரு சொல். எனக்கு அது இப்ப வடிவா ஞாபகம் இல்லை."

"அவருக்கு ஞாபகம் இருக்கே. அவரு சொல்றதையே எழுதுங்க."

"அது அவர் கேட்டது. நான் கேட்டதைத்தான் நான் எழுதலாம்."

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்த்தது. நடிக்கவில்லை, நிஜமாகவே தேடினார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ரப்பர்க் காட்டில் காய் வெடித்து விழும் சத்தம் இரண்டு மூன்று முறை கேட்டது. கண்ணைத் திறந்து எழுதிய தாளைப் பார்த்தார். அதில் அவர் பெயர் இருந்தது. தாளை மெதுவாக நோட்டிலிருந்து கிழித்து எடுத்து, நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பேனாவை மூடினார். நோட்டை என் கையில் கொடுத்தார்.

"ஞாபகம் வந்தா எழுதி அனுப்புறன்" என்றார்.

அப்படி எதுவும் வரவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கிப் போய், கணக்கெழுதும் கிராணி வீட்டு வளைவில் மறைந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மச்சான் கத்தியைக் கீழே வைத்தார்.

"எழுதினாரா?"

ஏதாவது சொல்லலாம், கொஞ்சம் எழுதினார் என்றாவது சொல்லலாம் என்று தேடினேன்.

"தாளு கிழிஞ்சுது" என்றார் மச்சான். "கேட்டுச்சு."